இரண்டு கோடு வந்தால் பயப்படாதீர்கள்: வீட்டு போதை டெஸ்ட் கார்டு, என் அனுபவம்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போல பாத்ரூம் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். இந்தக் கார்டில் இரண்டு கோடு வந்தால் போதைப்பொருள் இல்லை என்று அர்த்தம். கர்ப்பம் பார்க்கும் கார்டில் பழகிய கண்ணுக்கு இது அப்படியே தலைகீழ். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் 'இல்லை' கணக்குத்தான். மேல்கோடு மட்டும் வந்தால்தான் 'இருக்கிறது', மேல்கோடே வராவிட்டால் கார்டு செல்லாது. இதெல்லாம் கூட வருகிற பேப்பரில் எறும்பு எழுத்தில் இங்கிலீஷில் இருக்கிறது, தமிழில் ஒரு வரி கிடையாது.

மகன் பதினொன்றாவது. சிம்மக்கல்லில் டியூஷன் முடிந்து வில்லாபுரம் வந்து சேர ஒன்பது மணி ஆனது, வந்ததும் சோற்றுத் தட்டு முன்னாலேயே தூங்கி வழிந்தான். நாத்தனார் 'கஞ்சாவா இருக்கும், சட்டையை மோந்து பாருங்க அண்ணி' என்றார். மோந்தேன், வியர்வை நாற்றம்தான். மனசு கேட்காமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன், மூன்று கார்டு உள்ள பாக்கெட், இரண்டு நாளில் வந்துவிட்டது. பள்ளியில் மெடிக்கல் செக்கப் என்று பொய் சொல்லி காலைச் சிறுநீரை ஒரு தயிர் டப்பாவில் வாங்கினேன். கார்டில் போட்டிருக்கும் அளவுக் கோட்டுக்கு மேல் நனையாமல் முக்கி எடுத்து ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆறு கட்டம்: கஞ்சா, மார்ஃபின் வகை, கொக்கைன், ஆம்பெடமைன், தூக்க மாத்திரை வகையில் இரண்டு. ஆறிலும் இரண்டிரண்டு கோடு. பேப்பரைப் படித்துப் புரிந்துகொண்டதும் மீனாட்சிக்கு நெய்விளக்கு போட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து அவன் ஜியாமெட்ரி பாக்ஸில் காலி மாத்திரை அட்டை. டாபென்டாடால், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, போதை தரும் வலி மாத்திரை. கார்டில் அதற்குக் கட்டமே இல்லை, மார்ஃபின் கட்டமும் அதைப் பிடிக்காது. பசை, பெயின்ட் தின்னர் மோந்தாலும் தெரியாது, உதட்டுக்குள் வைக்கிற புகையிலையும் தெரியாது. இங்கே பள்ளிப் பையன்கள் கைக்கு எட்டுவதே பெரும்பாலும் இதுகள்தானே!

பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் டாக்டர் கேட்ட கேள்விகள்தான் என்னை உலுக்கின. கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கா, உடம்பை அரிக்குதுன்னு சொறியிறானா, மலச்சிக்கல் உண்டா, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுறானா? கண்ணைத் தவிர எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். சூடு என்று நினைத்து வாரம் இரண்டு தடவை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்தேன், ராத்திரி இரண்டு வாழைப்பழம் கொடுத்தேன்.

கார்டு மோசம் என்று சொல்ல மாட்டேன். கஞ்சா சந்தேகம் என்றால் உதவும்: எப்போதாவது ஒருமுறை இழுத்தால் இரண்டு மூன்று நாள், தினமும் இழுத்தால் வாரக்கணக்கில் சிறுநீரில் தெரியும். ஆனால் டெஸ்டுக்கு முன்னால் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தால் ஏமாற்றிவிடலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தால் மார்ஃபின் கட்டம் 'இருக்கிறது' என்று காட்டும், அதை வைத்துக்கொண்டு பிள்ளையை அடித்துவிடாதீர்கள், லேபில் உறுதி செய்ய வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446க்குப் போன் போடலாம், காசு கிடையாது.

தயிர் டப்பா விஷயம் பிறகு அவனுக்குத் தெரிந்துபோனது. 'நேரா கேட்டிருக்கலாம்லம்மா' என்றான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா, தெரியாது. ஆனால் அதற்கப்புறம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டெலிவரிக்கு ஐந்து நட்சத்திரம், கார்டுக்கு மூன்று, அந்தப் பேப்பருக்கு ஒன்று. மிச்சம் இரண்டு கார்டு பீரோ மேலே கிடக்கிறது, இருப்பது அவனுக்கும் தெரியும்.