செட்டிநாட்டு வீட்டுக்கு வெளிவிளக்கு: சோலாரா, கரண்டா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதனால் வெளியே முழுக்க சோலார் விளக்கே போதும் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். தோட்டத்துக்கு அது சரிதான். வயர் இழுக்க வேண்டாம், கரண்ட் போனாலும் எரியும். கிணற்றடி, செடி ஓரம், பின்கட்டுப் பாதை எல்லாவற்றுக்கும் தாராளமாக வைக்கலாம். தகட்டில் படியும் புழுதியை மட்டும் அவ்வப்போது துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சார்ஜ் ஏறாமல் சீக்கிரமே அணைந்துவிடும். சில வருடங்களில் பேட்டரியும் மாற்ற வேண்டியிருக்கும்.

முகப்புக்கு நான் கரண்டில் எரியும் எல்இடியைத்தான் சொல்வேன். திண்ணைத் தூண், பர்மா தேக்கு நிலையின் செதுக்கல், மேலே இருக்கும் சுதைச் சிற்பம் இவற்றுக்கெல்லாம் நிலையான ஒளி வேண்டும். 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வரையிலான மஞ்சள் ஒளியில் தேக்கின் நிறம் அழகாக எடுக்கும். 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் எல்லாம் வெளிறிப்போகும், தயவுசெய்து அதை மாட்டாதீர்கள். விளக்கைக் கீழே வைத்துச் சாய்வாக அடித்தால் செதுக்கலின் ஆழம் தெரியும். மழை படும் இடத்துக்குத் தூசியும் தண்ணீரும் உள்ளே புகாத ஐபி65 தரம் கேட்டு வாங்குங்கள். எர்த் கட்டாயம். வயர் பதிக்கிறேன் என்று பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்த மட்டும் விடாதீர்கள்.

செலவும் பயப்படும்படி இல்லை. 10 வாட் விளக்கு நான்கு, தினம் 6 மணி நேரம் எரிந்தால் மாதம் 7.2 யூனிட்தான்.

அப்புறம், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் முகப்பு விளக்குக்கு இருட்டினால் தானே எரியும் சென்சார் போட்டுவிடுங்கள். பின்வாசலுக்கு ஆள் நடமாட்டம் அறியும் சோலார் விளக்கு ஒன்று போதும்.