திருகோணமலை வெயிலுக்கு எந்தச் செய்மதிக் கணக்கு?

எந்தச் செய்மதியும் நிலத்தில் விழும் புற ஊதாக் கதிரை நேரடியாக அளப்பதில்லை. மேலே திரும்பி வரும் ஒளியை அளந்து, அதிலிருந்து ஓசோனையும் முகிலின் தடிப்பையும் பிரித்தெடுத்து, கீழே எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறது. எது எங்கே பிசகும் என்பது இதிலிருந்துதான் விளங்கும்.

திருகோணமலையில் ஓசோன் பெரிய சிக்கலே இல்லை. இந்த அகலக்கோட்டில் அது 260 டொப்சன் அலகை (தலைக்கு மேல் உள்ள மொத்த ஓசோனின் அளவு) ஒட்டியே ஏறி இறங்கும். ஓசோன் 1 சதவீதம் குறைந்தால் புற ஊதாச் சுட்டெண் (வெயில் தோலைச் சுடும் வலிமையைக் காட்டும் எண்) ஏறத்தாழ 1.2 சதவீதம் கூடும், அவ்வளவுதான். இங்கே கணக்கைக் கவிழ்ப்பவை முகில், கரைக்கோடு, மணி ஆகிய மூன்றும்.

ஓசோனைக் கண்காணிக்கும் ஓமி (OMI) கருவி 2004இல் ஏவப்பட்ட ஓரா (Aura) செய்மதியில் இருக்கிறது. நீண்ட காலப் போக்கைப் பார்க்க இதைவிட நல்ல தொடர் கிடைப்பது அரிது. ஆனால் பலரும் இறக்குவது 1 பாகைக் கட்டத் தரவு. நம் கட்டம் அகலக்கோடு 8–9, நெடுங்கோடு 81–82. நகரம் 81.2இல், கட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டத்தின் நடுப்புள்ளி விழுவது கடலில். மூதூர், வாகரைப் பக்கத்துக் கரைத் துண்டை விட்டால் பெரும்பகுதி தண்ணீர்தான். பகலில் முகில் தரைக்கு மேல் குவியும்போது கடல் வெளித்திருக்கும், அதனால் கட்டச் சராசரி ஊருக்குள் விழுவதைவிடக் கூடுதலாகக் காட்டும். 13×24 கிலோமீற்றர் பிக்சல் தரவை எடுத்தால் இது பெருமளவு தீரும். ஆனால் 2007 முதல் கருவியின் பல பிக்சல் வரிசைகள் பழுது. தரக் குறியைப் பார்த்து அவற்றைத் தள்ளாமல் சராசரி எடுத்தால் முழுக் கணக்கும் வீண்.

2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செய்மதியின் ட்ரோபோமி (TROPOMI) கருவிக்கு பிக்சல் 5.5×3.5 கிலோமீற்றர். நிலாவெளியையும் சீனக்குடாவையும் அது தனித்தனியே பார்க்கும். இன்றைய நிலவரத்துக்கு எங்கள் தெரிவு இதுதான். பிக்சலை நுணுக்கினாலும் மணிச் சிக்கல் அப்படியே நிற்கிறது. ட்ரோபோமி பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியே நம்மைக் கடக்கிறது; ஓமியின் பெரும்பாலான தரவும் அந்த நேரத்ததே. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் நம் உச்சிக்கு வருவது 12.05 அளவில். வானம் முழுக்க வெளித்திருந்தாலும் 1.40க்குச் சுட்டெண் உச்சியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். ஓமித் தரவில் கடக்கும் நேரம், நண்பகல் என இரண்டு நிரல்கள் உண்டு. இவற்றை மாற்றி எடுப்பதே அடிக்கடி நடக்கும் தவறு. நண்பகல் நிரலிலும் ஒரு பொறி இருக்கிறது: கடக்கும்போது கண்ட முகிலே மத்தியானமும் இருந்தது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஏப்ரலில் காலை முழுக்கக் கொளுத்திவிட்டுப் பின்னேரம் இடி முழங்கும் நாட்களில், ஒன்றரைக்கே எழும்பிய முகில் மத்தியான எண்ணையும் கீழே இழுத்துவிடும்.

மணிக்கு மணி வேண்டுமென்றால் கொரியச் செய்மதியில் உள்ள ஜெம்ஸ் (GEMS) கருவி. 128.2 பாகை கிழக்கில் நிலையாக நிற்கிறது. நாம் அதன் பார்வையின் மேற்கு ஓரம், எல்லா வருடல்களிலும் சிக்கமாட்டோம். இங்கிருந்து பார்த்தால் அது கிழக்கே தொடுவானிலிருந்து வெறும் 35 பாகை உயரத்தில். அந்தச் சாய்வால் 10 கிலோமீற்றர் உயர முகில் உச்சி சுமார் 14 கிலோமீற்றர் மேற்கே தள்ளித் தெரியும். கொட்டியாரக் குடாவுக்கு மேல் நிற்கும் இடிமுகில் தரைக்கு மேல் நிற்பதாகப் பதிவாகும். கச்சான் அடிக்கும் வெளிப்பான நாட்களில் தாராளமாக நம்பலாம், மாரியில் வேண்டாம்.

ஐரோப்பாவின் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவையான காம்ஸ் (CAMS) தருவது அளவீடு அல்ல, கணினி மாதிரிக் கணிப்பு. நாளைக்குக் கரைவலை இழுக்கப் போகிறவருக்கு முன்கூட்டிச் சொல்ல உதவும்.

கரையில் சொந்தமாக அளக்க எம்.எல்.8511 (ML8511) என்ற புற ஊதாச் சென்சர் மலிவு. அதில் 1 வோல்ற் என்பதே பூச்சியம், 2.8 வோல்ற் என்றால் சதுர சென்றிமீற்றருக்கு 15 மில்லிவாற்று. அது 365 நானோமீற்றரில்தான் கூர்மையாக உணர்வதால், தோலைச் சுடும் பி வகைக் கதிரைவிட ஏ வகையையே அதிகம் எண்ணுகிறது. சூரியன் சரியும்போது பி வகை விரைவாகக் குறையும், சென்சர் அதைக் கவனிக்காமல் கூட்டிச் சொல்லும். ஆகவே சென்சர் அளவைச் சுட்டெண்ணாக மாற்ற ஒரே பெருக்கெண் போதாது: முகிலற்ற நாளில் 12.05க்கு ஒன்று, காலை 8.30க்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்குச் சுட்டெண்ணின் எளிய சூத்திரம்: 12.5 × (சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்த கோணத்தின் கோசைன்)^2.42 × (ஓசோன் ÷ 300)^−1.23. ஏப்ரல் நடுப்பகலுக்கு 15 அளவில் வரும். மார்கழியில், 250 டொப்சன் என்றால், 10.5. இது தூசியில்லாத வானத்தின் உச்சவரம்பு. தை முதல் பங்குனி வரை இந்தியப் பக்கமிருந்து புகைமூட்டம் வரும் நாட்களில் அளவிடாதீர்கள். செய்மதிகள் கூட்டிச் சொல்வதும் அந்நாட்களில்தான்.

சென்சரைச் சாதாரணக் கண்ணாடிக்குள் அடைத்தால் பி வகை உள்ளே வராது. மெல்லிய டெஃப்லான் தகடு போடுங்கள். உப்புவெளியில் வைத்தால் உப்புப் படலம் எண்ணை மெல்ல மெல்ல இறக்கும், அதுவும் சீரான சரிவாக இருப்பதால் எளிதில் கண்ணில் படாது. வாரம் இருமுறை காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, துடைக்க முன்னும் பின்னும் வோல்ற்றைக் குறியுங்கள். இரண்டிலும் பூச்சியமான 1 வோல்ற்றைக் கழித்தபின் வரும் விகிதம்தான் திருத்தம்; முந்தைய துடைப்பிலிருந்து அதைப் படிப்படியாக ஏற்றிப் போடுங்கள்.