8 பார் லூப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு: ஏபிள்டன் லைவா, எஃப்எல் ஸ்டூடியோவா?

வீட்டில் உட்கார்ந்து எலெக்ட்ரானிக் இசை செய்கிற பலருடைய கணினியில் ஒரு ஃபோல்டர் நிறைய 8 பார் லூப் (எட்டுத் தாளச் சுற்று நீளத்தில் திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) கிடக்கும். கிக் ட்ரம் நன்றாக விழுந்திருக்கும், பேஸும் பொருந்தியிருக்கும், 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி) வேகத்தில் சரியாக 15 நொடி ஓடிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், அதற்கு மேல் ஓர் அடி நகராது. என்னிடமும் அப்படி நிறைய இருந்தன. அதனால் ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ என்ற இரண்டு இசை மென்பொருள்களில் எது வேகம் என்று யாராவது கேட்டால், லூப் போடவே நேரமாகிறதா, இல்லை போட்ட லூப்பைப் பாட்டாக்குவதில் நேரம் போகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பதில் அதைப் பொறுத்தே மாறும்.

லூப் போடுவதில் எஃப்எல்லை அடித்துக்கொள்ள ஆளில்லை. எஃப்6 தட்டினால் சேனல் ரேக் (ஒலிகளை ஒவ்வொரு சேனலாக அடுக்கிய ஜன்னல்), 16 கட்டத்தில் நான்கைத் தொட்டால் கிக் ஓடத் தொடங்கிவிடும். எஃப்7 தட்டினால் பியானோ ரோல், அதாவது நோட்டுகளை வரையும் ஜன்னல். மெலடி எழுதும்போது மற்ற சேனல்களின் நோட்டுகள் பின்னால் மங்கலாகத் தெரியும், பேஸ் எந்த நோட்டில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டாம். மெலடியும் கார்டும்தான் (ஒன்றாக ஒலிக்கும் நோட்டுகள்) உங்கள் பலம் என்றால் இந்த ஒரு ஜன்னலுக்காகவே எஃப்எல்லில் இருக்கலாம். லைவின் மிடி (நோட்டுகளின் பதிவு) எடிட்டர் மோசமில்லை, ஆனால் எனக்கு அதில் கை இவ்வளவு சரளமாக ஓடாது.

சரி, லூப் ரெடி. அப்புறம்?

இங்கேதான் லைவ் முந்துகிறது. செஷன் வியூ என்ற ஜன்னலில் கிளிப்புகள் (சின்ன இசைத் துண்டுகள்) கட்டம் கட்டமாக இருக்கும், ஒவ்வொரு வரிசையும் ஒரு சீன். அரேஞ்ச்மென்ட் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு, கேட்டுக்கொண்டே சீன்களையும் கிளிப்புகளையும் தட்டிக்கொண்டு போகலாம். எங்கே கிக்கை நிறுத்தத் தோன்றியதோ, எங்கே பேஸை 8 பார் தாமதமாக விடத் தோன்றியதோ, எல்லாம் அப்படியே டைம்லைனில் பதிவாகும். டேப் விசையைத் தட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடப் பாட்டின் எலும்புக்கூடு அங்கே நிற்கும். காது முடிவெடுத்ததால் நீளங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், மௌஸால் வரைந்தபோது எனக்கு அது வாய்த்ததே இல்லை. புதிதாக வருபவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு: பதிவு முடிந்து டைம்லைனை ஓட்டினால் அது மங்கலாகத் தெரியும், செஷன் கிளிப்பே ஒலித்துக்கொண்டிருக்கும். மேலே ஆரஞ்சு நிறத்தில் எரியும் 'பேக் டு அரேஞ்ச்மென்ட்' பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

எஃப்எல்லிலும் இப்படித் தட்டி வாசிக்க பர்ஃபார்மன்ஸ் மோட் இருக்கிறது. ஆனால் அதற்குப் ப்ளேலிஸ்ட்டை (எஃப்எல்லின் டைம்லைன் ஜன்னல்) தனியாக ஒழுங்குபடுத்த வேண்டும், அந்த நேரத்தில் பேட்டர்ன்களை (எழுதிவைத்த லூப் துண்டுகளை) நேராக டைம்லைனில் பூசிவிடலாம் என்றுதான் கை போகும்.

திருத்துவதில் இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பலர் பேசுவதில்லை. எஃப்எல்லில் ஒரு பேட்டர்னை டைம்லைனில் 20 இடத்தில் வைத்தால் 20-ம் ஒன்றேதான், ஹை-ஹேட்டில் ஒரு நோட்டை நகர்த்தினால் எல்லா இடத்திலும் நகரும். லைவில் ஒவ்வொரு நகலும் தனி. ஆகவே எஃப்எல்லில் கடைசி நிமிடத்தில்கூட பேஸ் லைனை ஒரே அடியில் மாற்றலாம், லைவில் ஒவ்வொரு நகலாகப் போய்க் கை வைக்க வேண்டும் அல்லது புதிதாக நகல் எடுத்து ஒட்ட வேண்டும். மறுபக்கம், பாட்டின் கடைசிப் பகுதிக்கு மட்டும் சின்ன மாற்றம் செய்யப் போய், 'மேக் யுனிக்' (அந்த நகலை மட்டும் தனியாக்கும் கட்டளை) கொடுக்க மறந்து, நன்றாக இருந்த முதல் பகுதியையும் கெடுத்துவிட்டு அடுத்த நாள்தான் அதைக் கவனித்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் இசை என்றால் எஃப்எல் முறை, பகுதிக்குப் பகுதி மாறிக்கொண்டே போகும் இசை என்றால் லைவ் முறை.

ரெக்கார்ட் அழுத்தாமல் வாசித்ததை மீட்பது இரண்டிலும் உண்டு: லைவ் 10 முதல் 'கேப்சர்', எஃப்எல்லில் 'டம்ப் ஸ்கோர் லாக்'. இது சமம்.

எதை எடுத்தாலும் முடிவான சின்த் (மின்னணு ஒலிக் கருவி) ட்ராக்கை ஆடியோவாக மாற்றிவிடுங்கள். லைவில் ஃப்ரீஸ் செய்து ஃப்ளாட்டன், எஃப்எல்லில் கன்சாலிடேட். சிபியு சுமை குறைவது ஒரு பலன், ஃபில்டரைத் திருகிக்கொண்டே மாலையைக் கழிப்பது நிற்பது அதைவிடப் பெரிய பலன். சில மாதம் கழித்து ஒரு ப்ராஜெக்டைத் திறந்தபோது ஒரு ப்ளக்-இன் (தனியாகச் சேர்த்த ஒலிக் கருவி) லோட் ஆகவே இல்லை, லீட் (முக்கிய மெலடி) இருந்த இடம் மௌனம். அந்த ஒலியை என்னால் மறுபடி உருவாக்க முடியவில்லை. அன்றிலிருந்து மிடியை ஒரு நகல் வைத்துக்கொண்டு ஆடியோவாகத்தான் மேலே போகிறேன்.

என் தேர்வு லைவ், ஏனென்றால் என் தடை லூப்பில் இல்லை, அதற்குப் பிறகுதான். லூப்பே பிறக்க மறுக்கிறது என்றால் எஃப்எல் எடுங்கள். இரண்டுக்கும் ட்ரையல் இருக்கிறது. எஃப்எல் ட்ரையலில் சேமித்த ப்ராஜெக்டை, வாங்கும் வரை மறுபடி திறக்க முடியாது, ஆனால் ஆடியோவாக எக்ஸ்போர்ட் செய்யலாம். அதனால் ஒரு விடுமுறை நாளில் காலையிலேயே உட்கார்ந்து, எழுந்திருப்பதற்குள் ஒரு முழுப் பாட்டை எக்ஸ்போர்ட் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். அடுத்த விடுமுறையில் அதே லூப்பின் சத்தங்களை லைவில் போட்டு, சீன் தட்டிப் பதிவு செய்து பாருங்கள்.