ஏர் கிரேவருக்கு கொம்ப்ரசரா, சிலிண்டரா? ஏசி போட்டு வேலை செய்றவங்க இத வாசிங்க

கொழும்பு செட்டியார் தெருப் பக்கம் மோதிரத்துல பேர் வெட்டுறவங்க சிலபேர் கை சுத்தியல விட்டுட்டு ஏர் கிரேவருக்கு, அதாவது காத்தழுத்தத்துல உளிய தட்டுற டூலுக்கு, மாறிட்டாங்க. மாறினதும் கேக்கிறது ஒரே கேள்விதான்: காத்த அமுக்கித் தாற கொம்ப்ரசர் வாங்கவா, கேஸ் அடைச்ச சிலிண்டர் எடுக்கவா? எல்லாரும் சத்தத்தையும் காசையும்தான் பாக்கிறாங்க. நான் முதல்ல பாக்கிறது வேற, ஹேண்ட்பீஸுக்குள்ள, அதாவது கையில பிடிக்கிற டூலுக்குள்ள, போற காத்தோ கேஸோ வெளிய வந்தே ஆகணும், அது நீங்க மூச்சு விடுற ரூமுக்குள்ளதான் வருது.

எனக்கும் இது பட்டுத்தான் விளங்கிச்சு. வெள்ளவத்தையில ஃப்ளாட், கொம்ப்ரசர் போட்டா கீழ்வீட்டு அக்கா உடனே மேல வந்துடுவா, அதனால கார்பன் டயொக்சைட் சிலிண்டர் ஒண்டு எடுத்தன், மீன் தொட்டிக்குப் போடுறவங்க எடுக்கிற மாதிரி சின்னது, சத்தமே இல்ல, சரியான சந்தோசம். ஜன்னல மூடி ஏசியும் போட்டு வேலை செஞ்சா ஒவ்வொரு நாளும் பின்னேரம் தலையிடி. கண்ணாடி பவர் மாறிட்டுதெண்டு நினைச்சு கண் டொக்டர்கிட்ட வேற போனன்!

பிறகு இருந்து கணக்குப் பாத்தன். ரூம் பத்துக்குப் பத்து, உயரம் ஒம்பது அடி, கிட்டத்தட்ட 25 கன மீட்டர். டூல் நிமிஷத்துக்கு 10 லீட்டர் விடுதெண்டு வைங்க (டூலுக்கு டூல் மாறும், உங்கட மெனுவல்ல பாருங்க). எட்டு மணித்தியால வேலைக்கு சராசரியா வச்சிருக்கிற எல்லை 5,000 பிபிஎம், அதாவது அரை வீதம். நல்லா மூடின ரூம்ல அந்த அளவு கால் மணித்தியாலத்துக்குள்ள வந்துடும், ஒரு மணித்தியாலத்துல 2 வீதம் தாண்டிடும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்த உள்ள எடுக்காது, இருக்கிறதையே சுத்தவிடும். அதோட சிலிண்டர் லீக் ஆகி 2 கிலோ போனா அந்த ரூம்ல 4 வீதம், அது உயிருக்கே ஆபத்தான அளவு. காத்த விட பாரம் கூடினது, கீழதான் தேங்கும், பாய் போட்டு நிலத்துல படுக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடெண்டா இன்னும் யோசிக்கணும்.

இன்னொரு விசயம், கார்பன் டயொக்சைட் சிலிண்டருக்குள்ள திரவமா இருக்கும், 31 பாகை தாண்டினா திரவமே இருக்காது, பிரஷர் வேகமா ஏறும். கொழும்புல மத்தியானம் 31 பெரிய விசயமா? அளவுக்கு மிஞ்சி நிரப்பின சிலிண்டர வெயில்ல நிக்கிற வேனுக்குள்ள விட்டுட்டு சாப்பிடப் போறது சரியான பயங்கரம். மீட்டர பாத்து எவ்வளவு மிச்சமெண்டு சொல்லவும் ஏலாது, தராசுல வைக்கணும். நேரா நிக்க வச்சுக் கட்டணும், சரிச்சா திரவம் ரெகுலேட்டருக்குள்ள, அதாவது பிரஷர குறைச்சு விடுற வால்வுக்குள்ள, வந்துடும்.

நைட்ரஜன் இதுல நல்லம். காஞ்ச கேஸ், துருப் பிடிக்காது, அதே கணக்குல ஒக்சிஜன் சாதாரண 21 வீதத்துல இருந்து பாதுகாப்பு எல்லையான 19.5 வீதத்துக்கு இறங்க மூணு மணித்தியாலம் கிட்ட எடுக்கும். ஆனா ஒரு துரோகம் இருக்கு, கார்பன் டயொக்சைட் தலையிடி, மூச்சு வாங்கல் எண்டு சொல்லிட்டுத்தான் செய்யும், நைட்ரஜன் ஒண்டுமே சொல்லாது, மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். பெரிய சிலிண்டர்ல 150 பார் இருக்கும், டூலுக்குத் தேவை அனேகமா மூணு நாலு பார்தான், அதனால அந்த கேஸுக்கெண்டே செய்த ரெகுலேட்டர், பிரஷர் மிஞ்சினா திறந்து விடுற ரிலீஃப் வால்வோட வேணும். அடப்டர் போட்டு மாத்திக் கொழுவுற வேலை வேணாம்.

ஒக்சிஜன்? பட்டறையில பத்த வைக்க ஏற்கனவே நிக்குது, இதையே கொழுவினா என்னண்டு ஒருத்தர் கேட்டார். வேணாம், வேணவே வேணாம். ஹேண்ட்பீஸுக்குள்ள எண்ணெய் இருக்கு, உயர் அழுத்த ஒக்சிஜன் எண்ணெயில பட்டா தானாவே பத்தும். அது இல்லாட்டியும் வெளிய வாற ஒக்சிஜன் சட்டையில ஊறி நிக்கும், பக்கத்துல பத்த வைக்கிற கேஸ் டோர்ச் எரியுது. இதுல அலச ஒண்டுமில்ல.

டைவிங் டேங்க் போடலாம், மூச்சு விடுற காத்துதானே, ஆனா சாதாரண டேங்க்ல 2,200 லீட்டர் சொச்சம், நாலு மணித்தியாலத்துல முடிஞ்சிடும். நிரப்ப கல்கிசைக்கோ நீர்கொழும்புக்கோ யார் அலையிறது.

அப்ப கொம்ப்ரசர். ரூம் காத்தையே எடுத்து ரூமுக்கே விடுது, அதனால என்ட ஓட்டு இதுக்குத்தான். எண்ணெய் இல்லாத சைலன்ட் மொடல், சேஃப்டி வால்வும் பிரஷர் சுவிட்சும் கட்டாயம். பஞ்சிகாவத்தையில பழைய ஃப்ரிட்ஜ் மோட்டர்ல கட்டினதும் கிடைக்கும், சத்தம் குறைவுதான், ஆனா டேங்க் வீட்டு கேஸ் சிலிண்டர வெட்டி ஒட்டினதெண்டா பக்கத்துல போகாதீங்க, எண்ணெய் ஆவியும் வரும். பெரிய எதிரி நம்மட ஈரக்காத்து: 30 பாகையில 80 வீத ஈரப்பதனெண்டா ஒரு கன மீட்டர்ல 24 கிராம் தண்ணி, அமுக்கினதும் அதுல முக்கால்வாசிக்கு மேல டேங்க் அடியில விழும். ஒவ்வொரு நாளும் வடிகால் வால்வ திறந்து விடுங்க, டூலுக்கு முன்னால ஃபில்டர் ஒண்டு போடுங்க.

கரண்ட் போனா கொம்ப்ரசர் செத்த பாம்புதான். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, 2025 பெப்ரவரி 9 நாடே இருண்டது, பாணந்துறை மின் நிலையத்துல குரங்கு பாஞ்ச கதை. அதுக்கெண்டு நைட்ரஜன் சிலிண்டர் ஒண்ட சுவரோட சங்கிலி போட்டு வச்சிருக்கிறன். கரண்ட் இல்லாட்டி ஏசியும் இல்லதானே, ஜன்னல் தன்ட பாட்டுல திறந்துதான் கிடக்கும்.