வெளிநாட்டில் ஒரு பள்ளி வருஷம்: மதுரைப் பொடி பார்சலில் எது தேறும், எது தேறாது

கீழ மாசி வீதியிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் பொடி, ஊறுகாய், அப்பளம் விற்கிற கடைகள் பலவற்றில் ‘ஃபாரின் பேக்கிங்’ கேட்டால் செய்து தருகிறார்கள். வேலைக்கோ மேற்படிப்புக்கோ போய்த் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அது பொருத்தமான ஏற்பாடு. பரிமாற்ற மாணவராக இன்னொரு குடும்பத்தோடு ஒரு வருஷம் தங்கிப் படிக்கப் போகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதே பார்சலை வாங்கிக் கொடுத்தால் பாதி வீணாகும். அந்தப் பிள்ளையின் கணக்கில் பார்த்தால் பருப்புப் பொடிக்கு முதலிடம், இட்லிப் பொடிக்கு அடுத்தது. அப்பளம் அவசியம் போகட்டும். புளிக்காய்ச்சல் பரவாயில்லை. எண்ணெய் ஊறுகாய் வேண்டாம், ரைஸ் குக்கர் வேண்டவே வேண்டாம்.

பிள்ளை புழங்கப் போவது இன்னொருவர் வீட்டு அடுப்படி என்பதுதான் காரணம். அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகிற பள்ளி மாணவர்களை வீட்டில் வைத்துக்கொள்கிற குடும்பத்துக்கு அதற்காகப் பணம் எதுவும் கிடையாது. விருப்பத்தின் பேரில் இடமும் சாப்பாடும் தருகிறார்கள். ரோட்டரி சங்கம் நடத்துகிற மாணவர் பரிமாற்றத்தில் ஒரே வருஷத்துக்குள் வீடே இரண்டு மூன்று முறை மாறலாம். ஆக, இது மாதச் சாமான் வாங்கும் கணக்கு இல்லை. ஒரு அலமாரித் தட்டின் மூலையில் அடங்க வேண்டும், வாடை பரவக் கூடாது, தாளிக்காமலே சாப்பிட வர வேண்டும். எண்ணெயில் மிளகாய் வத்தல் கருகினால் அங்கே புகை அலாரம் அடித்துவிடும். பல வீடுகளில் அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறி புகையை வெளியே தள்ளுவதில்லை, வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது.

பருப்புப் பொடி முதலிடம் பிடிப்பது இதனால்தான். 200 கிராம் துவரம்பருப்பு, 50 கிராம் பொரிகடலை, எட்டுப் பத்து மிளகாய் வத்தல், ஒரு டீஸ்பூன் மிளகு, உப்பு, பெருங்காயம்: இவ்வளவு போதும். பூண்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூண்டில் ஈரம் முழுசாகப் போகாவிட்டால் பொடி கட்டி தட்டும், போனாலும் அதன் வாடை கவரைத் தாண்டித் துணிப்பெட்டி முழுக்க ஏறும். சோறும் நெய்யும் கிடைக்காத நாளிலும் இந்தப் பொடி வேலைக்கு ஆகும். வெண்ணெய் தடவிய ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, கெட்டித் தயிர், முட்டைப் பொரியல் எதன் மேலும் ஒரு ஸ்பூன் தூவினால் போதும்.

இட்லிப் பொடிக்கு இட்லி கிடைக்காதே என்று விட்டுவிடத் தேவையில்லை. சுட்ட ரொட்டியில் வெண்ணெயோடு குழைத்துத் தடவினால் அருமையாக இருக்கும். இதில் சிக்கல் எள்தான். எள்ளில் எண்ணெய் அதிகம், அரைத்த பிறகு காற்றுப் பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். எள் வெடித்து அடங்கும் வரை வறுத்திருக்க வேண்டும், முதல் மூன்று மாதத்துக்குள் இதைக் காலி செய்துவிட்டுப் பிறகு பருப்புப் பொடியைத் திறக்க வேண்டும். எள் இல்லாமல் உளுந்தும் கடலைப்பருப்பும் மட்டும் போட்டு அரைத்துத் தரச் சொன்னால் இன்னும் நாள் தாங்கும்.

இனி பேக்கிங். சீல் போடுவதில் கடைகள் கெட்டி. தடித்த அலுமினியக் கவர், காற்று உறிஞ்சும் மெஷின் எல்லாம் இருக்கிறது. கோட்டை விடுவது அதற்கு முந்தைய படியில். கூட்ட நேரத்தில் அரைத்த சூட்டோடு கவரில் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே ஆவி குளிர்ந்து நீராகிறது, மூன்றாம் வாரம் பொடி மூலையில் கட்டியாகி அங்கிருந்து பூஞ்சை தொடங்குகிறது. “அண்ணாச்சி, இன்னைக்கு அரைச்சு அகலமான தட்டுல ஆறப் போடுங்க, நாளைக்கு வந்து கவர்ல போட்டு வாங்கிக்கிறேன்” என்று சொன்னால் மறுக்க மாட்டார்கள். வாங்கும்போது ஒரு சிட்டிகை எடுத்து இரு விரலால் அழுத்தி விடுங்கள். உதிர்ந்தால் சரி, அப்பிக்கொண்டு நின்றால் ஈரம் இருக்கிறது. காற்று உறிஞ்சாமல் ஒட்டிய கவராக இருந்தால் தண்ணீரில் முக்கி மெதுவாக அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்த இடம் ஓட்டை. அரைக் கிலோ கவர் ஒன்றைவிட 100 கிராம் கவர் ஐந்து நல்லது, ஒன்றைத் திறந்தாலும் மீதி நாலு கெடாது.

சொந்தமாக வறுத்து மாவு மில்லில் கொடுத்து அரைக்கிறவர்களுக்கு ஒன்று. முந்தின ஆள் கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு கல்லில் ஒட்டியிருக்கும். ஒரு கைப்பிடிப் பொரிகடலையை முதலில் ஓட்டி அதைத் தனியே எடுத்துவிடச் சொல்லுங்கள். இது ஒட்டியிருக்கிற மாவைக் குறைக்குமே தவிர முழுக்கப் போக்காது. தங்கப் போகிற வீட்டில் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் மில் பக்கம் போகாமல் வீட்டு மிக்ஸியில் அரைப்பதுதான் சரி. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் நம் கடைகள் ரொம்பவே பின்தங்கி நிற்கின்றன. கவரில் ‘ஸ்பெஷல் பொடி’ என்று பெரிதாக அச்சடித்திருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று இருக்காது. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் எள், நிலக்கடலையோடு நம் கடுகும் இருக்கிறது. பள்ளி உணவுக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது என்றால் அது உயிர்ப் பிரச்சினை. நிலக்கடலைப் பொடியை இந்த பார்சலில் சேர்க்கவே வேண்டாம். மற்றவற்றில் என்னென்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு அச்சடித்து ஒவ்வொரு கவரிலும் ஒட்டச் சொல்லுங்கள். கடை செய்யாவிட்டால் நீங்களே ஒட்டுங்கள். சுங்கத்தில் கேட்டால் காட்டவும் அதே சீட்டு உதவும்.

சுங்கத்தைப் பொறுத்தவரை போகிற நாட்டுக்குத் தகுந்தபடி பார்சல் மாற வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் நம் ஊரிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுபோக முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நெய்யும் அங்கே குப்பைக்குத்தான் போகும். அமெரிக்காவுக்கு அரிசியும் கொண்டைக்கடலையும் கூடாது, தானியத்தை அரிக்கும் காப்ரா வண்டு அவற்றோடு வந்துவிடும் என்பதால் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, எலுமிச்சை வகை மரங்களைக் கெடுக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் தங்கும். கசகசாவுக்கு ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தடை இருப்பதால் துபாய், சிங்கப்பூர் வழியாக மாறிப் போகிறவர்கள் அது சேர்ந்த மசாலாவை எடுக்க வேண்டாம். கொப்பரை விமான விதிகளில் தானாகச் சூடேறும் பொருள் என்ற வகையில் வருகிறது, அதையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் இறங்கும்போது உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் பிள்ளை தயங்காமல் ஆமாம் என்று சொல்லப் பழக வேண்டும். சொல்லிவிட்டால் ஆகாத பொருளை எடுத்துக்கொள்வதோடு முடியும். மறைத்தால் அபராதம்.

பொடி எல்லாம் செக்-இன் பெட்டியில் போகட்டும். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேல் பொடியைக் கைப்பையில் வைத்தால் தனியாகச் சோதிப்பார்கள். ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் திரவக் கணக்கு, கைப்பையில் 100 மில்லிதான். பெட்டியில் வைத்தாலும் மேலே காற்றழுத்தம் குறையும்போது பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து மூடியின் மறை வழியே எண்ணெயை வெளியே தள்ளும். டேப் சுற்றினாலும் முழுசாக நிற்காது. பள்ளிக்குப் போடும் துணியெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் ஊறுகாய் ஆசை விட்டுப்போகும். புளிக்காய்ச்சலைக் கெட்டியாகச் சுண்டக் காய்ச்சி, இரட்டைக் கவரில் 100 கிராமாகப் போட்டால் தாங்கும்.

மதுரை அப்பளம் இந்த பார்சலில் எதிர்பாராத வெற்றி. எண்ணெய்ச் சட்டியே தேவையில்லை, இரு பக்கமும் லேசாக எண்ணெய் தொட்டு மைக்ரோவேவில் 40 முதல் 60 விநாடி வைத்தால் பொரிந்துவிடும். சிறிய அளவு அப்பளமாக வாங்குங்கள், பெரியது சுழலும் தட்டில் இடித்து ஒரு பக்கம் வேகாமல் நிற்கும். உடையாமல் போக வட்டமான எவர்சில்வர் டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மேலே இருக்கும் இடைவெளியில் டிஷ்யூ திணியுங்கள்.

ரைஸ் குக்கரை ஏன் வேண்டாம் என்கிறோம் என்றால், நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. சூடேற்றும் கம்பிக்கு வோல்ட் பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். 400 வாட் குக்கர் அங்கே சுமார் 110 வாட்டில் கிடந்து தவிக்கும், அரிசி ஊறுமே தவிர வேகாது. அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஜெர்மனியில் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று பின் பிளக் அங்கே நுழையாது. போன், லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் எந்த ஊரிலும் கவலையில்லை.

அளவு: பருப்புப் பொடி 700 கிராம், இட்லிப் பொடி 500, புளிக்காய்ச்சல் 300, ரசப் பொடி 100, அப்பளம் 400. மொத்தம் இரண்டு கிலோ. ரசப் பொடி எதற்கு என்றால், உங்கள் ஊர்ச் சாப்பாடு ஒரு நாள் செய்து காட்டு என்று அந்த வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். ரசம், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், எலுமிச்சைச் சாதம் இந்த நாலையும் பிள்ளை கிளம்பும் முன் இங்கேயே இரண்டு தடவை தனியாகச் செய்து பார்த்திருக்க வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே கடையில் சொல்லி வையுங்கள், வாங்கி வந்த கவர்களை வீட்டில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். காற்று உறிஞ்சி ஒட்டிய கவர் கல் மாதிரி இறுகியே இருக்க வேண்டும். தளர்ந்து உப்பியிருந்தால் அதைக் கடையில் கொடுத்து வேறு வாங்க நாள் இருக்கும்.