உலோகக் கலவை பார்க்க: நிறமாலைமானியா, எக்ஸ்ரே கன்னா?

ஹட்டன் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை மெஷின்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் இந்தக் குழப்பம் உண்டு: 304, 316 என்ற எவர்சில்வர் ரகங்களைப் பிரித்தறிய எதை வாங்குவது? உலோகத்தில் மின்பொறி எழுப்பி, அதன் ஒளி நிறக்கோடுகளாகப் பிரிவதைக் காட்டும் நிறமாலைமானியா, எக்ஸ்ரே பாய்ச்சிக் கலவையை அளக்கும் கைக்கருவியான எக்ஸ்ரே கன்னா?

விலை: கண்ணால் பார்க்கும் நிறமாலைமானி மலிவு. எக்ஸ்ரே கன் பல மடங்கு.

தடயம்: மின்பொறி சிறு வடு விடும். எக்ஸ்ரே விடாது.

பழக்கம்: விஷயமே இங்கேதான். 316இல் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு. பொறியொளியின் பச்சைப் பகுதியில் 550.6, 553.3, 557.0 நானோமீட்டரில் அதன் கோடுகள் விழும். பக்கத்து இரும்புக் கோடுகளோடு அவற்றின் பிரகாசத்தை ஒப்பிடக் கண் பழகவேண்டும். பித்தளை சுலபம், துத்தநாகத்தின் மூன்று நீலக் கோடுகள் பளிச்சென்று நிற்கும். எக்ஸ்ரே கன் சதவீதத்தையே காட்டிவிடும். கதிர்வீச்சுப் பாதுகாப்பில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது.

கார்பன் அளவு இரண்டிலும் கிடைக்காது.

தரம் பிரிக்க மட்டுமென்றால் நிறமாலைமானியே போதும். எழுத்தில் அறிக்கை கேட்கும் தோட்டங்களுக்கு வேலை செய்பவர் எக்ஸ்ரே கன் பக்கம் போகலாம்.