புறாமலையா, கோணேசர் மலையா?

கனடாவிலிருந்து பெரியப்பா குடும்பம் திருகோணமலைக்கு வந்து நின்றபோது எழுந்த கேள்வி இது. கடலைப் பார்த்தபடி ஒரு மலை உச்சியில் நிற்க வேண்டும், கையில் ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது, எங்கே போவது? பிள்ளைகள் நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவு என்றார்கள். தேசியப் பூங்கா என்ற பெயர் அவர்களை இழுத்தது. நான் கோணேசர் கோயில் இருக்கும் கோணேசர் மலை என்றேன். அங்கேதான் போனோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

புறாமலை லேசுப்பட்ட இடமில்லை. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். முருகைக்கல் என்கிற பவளப்பாறை, அதைச் சுற்றி நிறம் நிறமாய் மீன், அதிர்ஷ்டமிருந்தால் செட்டை நுனி கறுத்த சுறாக்கள். ஆனால் இதெல்லாம் தண்ணீருக்குள்ளே. உச்சி என்று பார்த்தால், பெரிய தீவின் மிக உயர்ந்த இடமே 45 மீற்றருக்குக் கிட்டத்தான் வரும். ஏறி நின்றால் நிலாவெளிக் கரை நீளத்துக்குத் தெரியும், அழகுதான். இருந்தாலும் அங்கே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலுக்குள் குனிந்தபடிதான் இருக்கிறார்கள்.

எனக்கு முடிவைத் தந்தது காற்று. வாடைக்காலத்தில் அந்தக் கடலில் படகு இறக்குவதே சந்தேகம். வைகாசி முதல் புரட்டாதி வரைதான் நல்ல காலம், அதிலும் காலை வேளை. "வெள்ளன வாங்கோ தம்பி, காத்து எழும்பினா வயசாக்களை ஏத்திறது கஷ்டம்" என்றார் ஒரு படகுக்காரர். முழங்கால் தண்ணீரில் நின்று, அலை இழுக்கும் இடைவெளியில் காலைத் தூக்கிப் படகின் விளிம்பைத் தாண்டிப் போட வேண்டும். பெரியம்மாவின் முழங்காலுக்கு அது சரிவராது. போய்ச் சேர்ந்தாலும் நேரம் நம் கையில் இல்லை. படகு காத்திருக்கும் நேரம்தான் நம் நேரம். டிக்கட் எடுத்து, படகு பிடித்து, அந்தப் பாறையில் ஏறுவதற்குள் வெயிலும் ஏறிவிடும். சூரிய உதயம் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

செலவும் இருக்கிறது: நுழைவுச்சீட்டு, சேவைக் கட்டணம், வரி, படகுக்கூலி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குப் பல மடங்கு. எவ்வளவு நல்ல தமிழ் பேசினாலும் அந்தக் கவுண்டரில் கனடாக்காரர் கனடாக்காரர்தான்.

கோணேசர் மலையில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. கோட்டை வாசலால் நுழைந்து, மேயும் புள்ளிமான்களைத் தாண்டி, கடைகளின் நடுவே ஏறினால் கோயில். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் 300 அடிக்கு மேல் செங்குத்தாகக் கடல். சுவரில் கை ஊன்றி எட்டிப் பார்த்தால், பாறையடியில் பச்சையாக இருக்கும் நீர் கொஞ்சம் தள்ளிக் கடும் நீலமாகிவிடும். அலை வந்து மோதி நுரைத்த பிறகுதான் அதன் சத்தம் மேலே வரும். விளிம்பு மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடியபடி இருக்கும். நேர் கிழக்கே திறந்த கடல் என்பதால் உதயத்துக்கு இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. மேகம் மறைத்தால் விலகும் வரை உட்கார்ந்திருக்கலாம், யாரும் கூப்பிட மாட்டார்கள். வாடைக்காலத்திலோ, புறாமலையை மூடிவிடும் அதே காற்றுதான் இங்கே காட்சியே.

திமிங்கிலம் பற்றியும் கேட்பார்கள். கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிகக் கிட்ட வருவதால் நீலத் திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் வருவது உண்மை. மலையிலிருந்தே அவை நீர் பீச்சுவதைப் பார்த்தவர்களும் உண்டு. எனக்கு இதுவரை வாய்க்கவில்லை, அதனால் அதைச் சொல்லி யாரையும் கூட்டிப்போக மாட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. இது கோயில், உடுப்பில் கவனம் வேண்டும். பத்து மணிக்குப் பிறகு வெறுங்காலில் அந்தக் கல்லை மிதிக்க முடியாது. வெள்ளிக்கிழமை கூட்டம்.

நீந்தத் தெரிந்த பிள்ளைகளோடு ஆடி, ஆவணியில் வருகிறவர்கள் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், புறாமலைக்கே போங்கள். முருகைக்கல்லில் காலூன்றக் கூடாது என்று கரையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டும் வேண்டுமா? விடிய மலை, இறங்கியதும் நேரே நிலாவெளி, பதினைந்து கிலோமீற்றர் அளவுதான். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளை மட்டும் விட்டுவிடுங்கள், இரண்டு இடத்திலும் சனம் நிரம்பி வழியும்.